சம்பளமில்லாத வேலைக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் இருக்கிறது

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு ‘பொறுப்புள்ள வங்கிகளும் நிலைத்த வளர்ச்சியும்’. அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். ஆனால் அந்தத் துறைக்குள் நான் எந்த வாசல் வழியாகப் போனேன் என்பதிலிருந்து தொடங்குகிறேன். உள்ளே போனவர்கள் எழுதும் அறிக்கைகளைப் பற்றி நிறையப் பேசுகிறோம். வாசலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2016இல் எம்.ஏ. பொருளாதாரம் முடித்தேன். அந்த ஆண்டு டிசம்பரில் மும்பையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வங்கிகளுக்குச் சமூகப் பொறுப்பு அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனம். ஆறு மாதம் இன்டர்ன்ஷிப். சம்பளம் இல்லை, சான்றிதழ் உண்டு. எங்கள் துறையில் அது கிடைத்த ஒரே ஆள் நான். பேராசிரியர் கைகுலுக்கினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் ஊர் திண்டிவனம் பக்கம். அம்மாவிடம் சொன்னேன்.

“பேங்க்ல வேலையா பாப்பா?”

“பேங்குக்கு ரிப்போர்ட்டு எழுதித் தர்ற கம்பெனிம்மா.”

“எவ்ளோ தருவாங்க?”

“தர மாட்டாங்க. அனுபவம் கெடைக்கும்.”

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை. “அப்ப வெட்டி வேலன்னு சொல்லு” என்றார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது. அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அவர் சொன்னது எவ்வளவு துல்லியமான சொல் என்பது முனைவர் பட்ட ஆய்வுக்காக நூலகத்தில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. வேலை இல்லாமல் திரிபவனை நாம் ‘வெட்டிப்பய’ என்கிறோம். ஆனால் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘வெட்டி’ என்றால் கூலி கொடுக்காமல் வாங்கும் கட்டாய உழைப்பு. அந்த உழைப்பைத் தலைமுறை தலைமுறையாகச் செய்ய வேண்டியவர்களுக்குத்தான் வெட்டியான் என்று பெயர் வைத்தார்கள். என் தாத்தா எங்கள் ஊரின் வெட்டியான். சாவுக்குப் பறையடிக்க வேண்டும், பிணம் எரிக்க வேண்டும், செத்த மாட்டை இழுத்துப்போட வேண்டும், கர்ணம் வீட்டுக்கு விறகு பிளக்க வேண்டும், தாலுகா ஆபீசுக்குத் தபால் கொண்டு ஓட வேண்டும். கிடைத்தது அறுப்புக் காலத்தில் களத்தில் அளந்த மேரை நெல். அதுவும் அளப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. மராட்டியத்தில் இதே அமைப்புக்கு மகர் வதன் என்று பெயர். அதை ஒழிக்க பாபாசாகேப் 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவு ‘பேகார்’ என்று பெயர் சொல்லித் தடை செய்வதும் இந்த உழைப்பைத்தான்.

சரி, மும்பைக்கு வருவோம். செம்பூரில் ஒரு பெண்கள் விடுதியில் நான்கு பேர் அறை. வாடகை, சாப்பாடு, ரயில் பாஸ் எல்லாம் சேர்த்து மாதம் 11,000 ரூபாய். ஆறு மாதத்துக்கு 66,000. அக்காவின் தோடு அடகுக்குப் போனது. படிக்கும்போது வர வேண்டிய ஸ்காலர்ஷிப் பணம் படிப்பு முடிந்த பிறகு வந்தது, அது உதவியது. மீதிக்கு அம்மா மகளிர் குழுவில் 30,000 ரூபாய் கடன் எடுத்தார். ஒரு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனி. ஆண்டு வட்டி 24 சதவீதம், மாதம் 1,590 வீதம் 24 தவணை. மொத்தம் 38,160. படிவத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். ‘மகள் மும்பையில் இலவசமாக வேலை செய்வதற்கு’ என்று எழுத முடியாதல்லவா? ‘கறவை மாடு வாங்க’ என்று எழுதினார்கள். அந்த மாடுதான் நான். தாதர் ரயிலில் ஏறி மும்பைக்குப் போனேன்.

வேலை என்ன? பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 500 நிறுவனங்கள் அப்போது ஆண்டுதோறும் வணிகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்பது செபியின் விதி. ஒன்பது கொள்கைகள், ஒவ்வொன்றின் கீழும் கேள்விகள். நான் ஒரு வங்கிக்கான எக்ஸெல் தாள்களை நிரப்பினேன், வரைவு எழுதினேன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு எட்டு மணி. மார்ச் முடிந்து ஆண்டறிக்கை நெருங்கும்போது ஞாயிறும் கிடையாது.

மூன்றாவது கொள்கை ஊழியர் நலன். அதில் ஒரு கேள்வி வரும். குழந்தை உழைப்பு, கட்டாய உழைப்பு, விருப்பமற்ற உழைப்பு, பாலியல் துன்புறுத்தல் ஆகியவை பற்றி இந்த ஆண்டில் வந்த புகார்கள் எத்தனை? கட்டாய உழைப்பு என்ற வரிக்கு நேராக நான் பூஜ்யம் என்று அடித்தேன். பொய் இல்லை. வங்கியின் கணக்கில் நான் ஊழியர் இல்லை. ஆலோசனை நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலும் இல்லை. எந்தத் தாளிலும் இல்லாத ஓர் ஆள் உட்கார்ந்து, எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

எட்டாவது கொள்கை அனைவரையும் உள்ளடக்கிய வளர்ச்சி. வங்கிக்காரர்களுக்குப் பிடித்த பகுதி. வண்ணப் படங்கள் இங்குதான் வரும். வங்கி மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கும். அவர்கள் அதைக் கூடுதல் வட்டிக்கு எங்கள் அம்மா மாதிரிப் பெண்களுக்குக் கொடுப்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டால், வங்கி கொடுத்தது முன்னுரிமைத் துறைக் கடன் என்று கணக்கில் ஏறும். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை முன்னுரிமைத் துறைக்குத் தர வேண்டும் என்று இருக்கிறது. ஆக, அறிக்கைக்குப் பயனாளிகள் எண்ணிக்கை கிடைத்துவிடும். அந்தப் பக்கத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையும் எனக்கே வந்தது. நான் தேர்ந்தெடுத்தது, கறவை மாட்டின் கழுத்தில் கை போட்டுச் சிரிக்கும் ஒரு பெண்ணின் படம். தேர்ந்தெடுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அந்த வாரம் தொலைபேசியில் அம்மா, குழுவில் ஒரு பெண் தவணை கட்டவில்லை, வசூலுக்கு வந்தவர் மற்றவர்களை எழுந்து போக விடவில்லை, மத்தியானம் வரை எல்லாரும் வெயிலில் உட்கார்ந்திருந்தோம் என்றார். பணமதிப்பு நீக்கம் முடிந்து அரை ஆண்டுகூட ஆகாத நேரம், யார் கையிலும் காசு இல்லை. இது எட்டாவது கொள்கையில் எந்தக் கட்டத்திலும் வராது.

ஒரு நாள் கூட்டத்தில் கேட்டேன். பெண் ஊழியர் எத்தனை, மாற்றுத் திறனாளிகள் எத்தனை என்று எழுதுகிறோமே, தலித் ஊழியர், பழங்குடி ஊழியர் எத்தனை என்று ஏன் எழுதுவதில்லை? மேசையில் ஏழு பேர் இருந்தார்கள். “அந்த டேட்டா கிடைக்காது” என்றார் ஒருவர். கிடைக்காதா? முன்னுரிமைத் துறைக் கணக்கில் நலிந்த பிரிவினர் என்ற தலைப்பில் பட்டியல் சாதி, பழங்குடிக் கடனாளிகள் வருகிறார்கள். 2016 ஏப்ரலில் தொடங்கிய ஸ்டாண்ட்-அப் இந்தியா திட்டப்படி ஒவ்வொரு கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை தொழில் கடன் தர வேண்டும் என்று இருந்தது. சாதிச் சான்றிதழ் வாங்காமலா இதையெல்லாம் எண்ணுகிறார்கள்? பொதுத்துறை வங்கிகளில் இடஒதுக்கீட்டுப் பதிவேடே இருக்கிறது. தனியார் வங்கிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அவ்வளவுதான். டேட்டா இல்லாமல் போகவில்லை. அது இல்லாதது அந்த மேசையில் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. சம்பளமில்லாமல் ஆறு மாதம் மும்பையில் இருக்க முடிந்தவர்கள்தான் அந்த மேசைக்கு வந்து சேர்கிறார்கள் என்றால், எந்தக் கேள்வி அங்கே எழும், எது எழாது என்பது முன்பே முடிவாகிவிடுகிறது.

2021இல் செபி இந்த அறிக்கையை மாற்றியது. புதிய வடிவம் முதல் 1,000 நிறுவனங்களுக்கு 2022-23 முதல் கட்டாயம். ஊதியத்தில் ஆண் பெண் வேறுபாடு, குறைந்தபட்சக் கூலி என்று நிறைய விவரம் கேட்கிறார்கள், அதை நான் வரவேற்கிறேன். விளிம்புநிலைக் குழுக்களிடமிருந்து பொருள் வாங்க முன்னுரிமை தருகிறீர்களா என்றுகூடக் கேட்கிறது. ஊழியர் கணக்கில் சாதி இன்னும் இல்லை. இன்டர்ன் என்று தனி வரியும் இல்லை.

என் மேலதிகாரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கெட்டவர் இல்லை. ஐந்தொகையை எப்படிப் படிப்பது என்று அலுவலகம் முடிந்த பிறகு உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். இன்று என் ஆய்வுக்கு அது அடித்தளம். “நானும் இப்படித்தான் சம்பளமில்லாமல் தொடங்கினேன்” என்பார், பெருமையாகவே. அவர் தொடங்கியபோது தாதரில் அப்பாவின் ஃபிளாட் இருந்தது. அதை அவர் மறைக்கவும் இல்லை, ஒரு பொருட்டாக நினைக்கவும் இல்லை.

இப்போது நீங்கள் கேட்கலாம். உன் தாத்தா மறுத்திருந்தால் அடி விழுந்திருக்கும், நீ மறுத்திருந்தால் யார் அடித்திருப்பார்கள்? இரண்டையும் எப்படி ஒன்றாக வைக்கிறாய்? நியாயமான கேள்வி. ஒன்றாக வைக்கவில்லை. தாத்தாவின் வெட்டி அவர் சாதிக்காக அவர் மேல் சுமத்தப்பட்டது. இந்த வெட்டியைச் செய்வதற்கே பின்னால் சொத்து வேண்டும். கூலி இல்லாத வேலை எல்லாம் எங்கள் தலையில் விழுந்த காலம் ஒன்று. கூலி இல்லாத வேலைதான் நல்ல வேலைக்கு வழி என்று ஆனதும், அதற்குள் எங்களால் நுழைய முடியவில்லை. நுழைந்த என்னைப் போன்றவர்கள் வட்டி கட்டி நுழைந்தோம்.

சட்டம் என்ன சொல்கிறது? தொழில் பழகுநர் சட்டம் என்று 1961இல் வந்த ஒன்று இருக்கிறது. அப்ரெண்டிஸ் என்று சேர்த்தால் உதவித்தொகை தர வேண்டும்; 2019 விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000. அதே சட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பயிற்சி இடங்களில் ஒதுக்கீடும் இருக்கிறது. அதே ஆளை ‘இன்டர்ன்’ என்று கூப்பிட்டால் இரண்டுமே இல்லை. ஒரு சொல்லை மாற்றி உதவித்தொகையையும் ஒதுக்கீட்டையும் சேர்த்துத் தூக்கிவிட்டார்கள். 2024இல் ஒன்றிய அரசு ஒரு இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவித்தது, மாதம் 5,000 ரூபாய். நான் இருந்த விடுதியில் 2017இலேயே கட்டிலுக்கு 6,500.

1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது 23ஆவது பிரிவு சொல்லும் கட்டாய உழைப்பு என்றது. பசியும் வறுமையும்கூட ஒருவரைக் கட்டாயப்படுத்தும் என்றது. கல் சுமந்தவர்களுக்கான அந்தத் தீர்ப்பை ஏ.சி. அறையில் இருந்த எனக்கு அப்படியே கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் வேறு வழி இல்லாதவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற அதன் தர்க்கத்தை நான் விடமாட்டேன்.

‘அனுபவம்தான் கூலி’ என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனபோது பரோடா சமஸ்தானம் மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகை கொடுத்தது, மூன்று ஆண்டுக்கு. அங்கே தொடங்கிய பொருளாதாரப் படிப்பு பிறகு லண்டனில் ‘ரூபாயின் பிரச்சினை’ என்ற ஆய்வாகி 1923இல் நூலாக வந்தது. அனுபவம் கிடைக்கும், கைக்காசு போட்டு வா என்று அன்று சொல்லியிருந்தால்?

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். முற்போக்கு இணையதளங்கள், ஆய்வு மையங்கள், தொண்டு நிறுவனங்களில் மொழிபெயர்ப்பும் வீடியோ எடிட்டிங்கும் செய்யும் தோழர்களில் எத்தனை பேருக்குப் பணம் போகிறது? சுவரொட்டி ஒட்டுவதும் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதும் இயக்க வேலை, அதை எல்லாரும் சேர்ந்து செய்கிறோம். நன்கொடை வாங்கி, இயக்குநருக்குச் சம்பளம் கொடுத்து, இன்டர்னுக்கு மட்டும் ‘தோழமை’ கொடுப்பது வேறு. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. போன மாதம் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கள்ளக்குறிச்சிப் பெண், வந்தாள். பசுமை நிதி பற்றிய ஓர் அமைப்பில் நான்கு மாத இன்டர்ன்ஷிப், பெங்களூரில், சம்பளமில்லை. “அக்கா, போகட்டுமா?” என்றாள். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? அந்த ஆறு மாதம் இல்லாவிட்டால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். உதவித்தொகை உண்டா, தங்கும் செலவு தருவீர்களா, ஊரிலிருந்தே வேலை செய்யலாமா என்று மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதச் சொன்னேன். நானே திருத்திக் கொடுத்தேன். இரண்டு நாளில் பதில் வந்தது. அவர்களின் கொள்கையில் அதற்கு இடமில்லை, வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள்.

அவளுக்கு என் மேல் கோபம். ஒரு வாரமாகப் பேசவில்லை. அவள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, எனக்கு மறுத்துச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை.

பொறுப்பு அறிக்கையில் இன்டர்ன் எண்ணிக்கை, அவர்களுக்குத் தந்த தொகை, ஊழியர்களின் சமூகப் பிரிவு ஆகிய மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லி செபிக்கு ஒரு கடிதம் தயாரித்திருக்கிறோம். பின்வரிசை மேசையில் இருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு, சரி என்று தோன்றினால் கையெழுத்துப் போடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.