ஆயிரத்து ஐந்நூறாவது குழந்தை

பசிபிக் கடலில், நிலநடுக்கோட்டுக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது நவுரு. பரப்பு வெறும் 21 சதுர கிலோமீட்டர். கரையோரச் சாலையில் வண்டியெடுத்தால் அரைமணி நேரத்தில் நாட்டையே சுற்றிவிடலாம்.

1920இல் பரவிய விஷக்காய்ச்சல் இந்தத் தீவு மக்களில் ஏராளமானோரை வாரிக்கொண்டு போனது. ஓர் இனம் தழைக்க 1,500 பேராவது வேண்டும் என்று அப்போது கணக்கிட்டார்கள். 1932 அக்டோபர் 26 அன்று பிறந்த குழந்தை அந்தக் கணக்கை நிறைத்தது, தீவே கொண்டாடியது.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமார் 1,200 நவுரு மக்களை வெகுதொலைவிலுள்ள சூக் தீவுகளுக்குக் கட்டாய வேலைக்கு ஏற்றிச் சென்றது. பசியிலும் நோயிலும் மாண்டவர்கள் போக, 1946 ஜனவரியில் ஊர் திரும்பியவர்கள் 737 பேர்தான். எவ்வளவு பெரிய கொடுமை!

ஆனாலும் 1949இல் எண்ணிக்கை மீண்டும் 1,500ஐத் தொட்டது. 1968இல் நாடு விடுதலையும் பெற்றது. அக்டோபர் 26 இன்றும் அங்கே 'அங்காம்' நாள், தேசிய விடுமுறை.