தேய்ந்த அரத்திலிருந்து சிற்றுளி



இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் சுரந்த இரப்பர் மரம் மறுநடவின்போது வீழ்த்தப்படுகின்றது. முற்காலத்தில் அது அடுப்புக்கும் புகைவீட்டுக்கும் விறகாயிற்று. இன்றோ, பூச்சியும் பூஞ்சணமும் அண்டாவண்ணம் மருந்தூட்டி உலர்த்தப்பெற்று, நமது ஜொகூரின் மூவாரில் நாற்காலியாகவும் மேசையாகவும் உருப்பெறுகின்றது. அம்மரத்துண்டுகளைக் கொண்டு வீட்டிலேயே சிறு பொருள்கள் செய்ய விழையும் இளைஞர்கள், உளி வாங்கப் பணத்திற்கு எங்கே போவது என்று நம்மைக் கேட்பதுண்டு. தேய்ந்துபோன அரம் ஒன்று போதும் என்போம்.

அரம் கரிமம் மிகுந்த எஃகு. எனினும், அதை அப்படியே தீட்டி உளியாக்கிவிடலாகாது. ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் நாம் அவ்வாறு செய்து சுத்தியால் தட்டினோம். முனை கண்ணாடிபோல் உடைந்து தெறித்துக் கன்னத்தைக் கீறியது. இரண்டு விரற்கடை மேலே பட்டிருப்பின் கண் போயிருக்கும். ஆகவே கண்ணாடி அணியாமல் இவ்வேலையில் இறங்க வேண்டா.

முதலில் சிரட்டைக் கரி நெருப்பில் அரத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சுங்கள். பழைய வானொலிப் பெட்டியின் காந்தம் அதில் ஒட்டாத நிலையே சரியான சூடு. உடனே உலர்ந்த சாம்பலில் புதைத்து, மறுநாள் காலை வரை ஆறவிடுங்கள். இப்போது அது மெதுவாகியிருக்கும். வேறோர் அரத்தால் அராவி உளியின் வடிவம் தரலாம். பழைய பற்களின் வரிகளை முற்றும் நீக்குக. வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

அடுத்தது தோய்ச்சல். வாய்ப்பகுதியை மீண்டும் காந்தம் ஒட்டாத அளவு காய்ச்சி, தகரக் குவளையிலுள்ள செம்பனை எண்ணெயில் நேர்குத்தாக இறக்குங்கள். எண்ணெய் தீப்பற்றக் கூடும். இலயத்து வீடுகளுக்கு அப்பால், மூடி கைக்கெட்டும்படி வைத்துக்கொண்டு செய்க.

இத்துடன் நிறுத்துவோரே பலர். இந்நிலையில் உளி மறுபடியும் கண்ணாடிதான். வாயைப் பளபளவெனத் தேய்த்து, வால்பக்கமாக மெல்லச் சூடேற்றுங்கள். நிறங்கள் வாயை நோக்கி நகர்ந்து வரும். விளிம்பு இளவைக்கோல் நிறம் அடைந்த நொடியே நீரில் தோயுங்கள். நீலமாகிவிட்டால் வாய் மழுங்கும். மறுபடி காய்ச்சித் தோய்ச்சலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நமக்கு மூன்றாம் முறையே கைவந்தது.

வாலை உலர்ந்த மரப்பிடியில் செருகிப் பூண் இடுங்கள். பூணில்லாப் பிடி பிளக்கும்.

தேய்ந்து குறுகிய ஜெபோங் கத்தியின் மடிந்த வாய், பூவேலைக்கு வரி வெட்ட உகந்தது. ஆனால் அது தோட்டத்துக் கத்தியாயின், கேட்டு வாங்கிய பின்னரே கை வையுங்கள். தீட்டும் முறையை உங்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் மெல்லிதாய்ச் சீவும் கைகளுக்கு அது நாள்தோறும் நடக்கும் வேலையே.