தானாக அணையும் கம்ப்யூட்டர்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்தவன், இன்ஜினியர் அல்ல. ஆனாலும் வெயில் காலம் வந்தால், "சார், கம்ப்யூட்டர் திடீர்னு ஆஃப் ஆயிடுது" என்று என்னிடம்தான் கேட்கிறீர்கள்.

லைட்டும் ஃபேனும் ஓடும்போது கம்ப்யூட்டர் மட்டும் அணைகிறதா? மறுபடி போட்டால் சில நிமிடத்தில் திரும்ப அணைகிறதா? உடனே எஸ்.எம்.பி.எஸ். மாற்ற ஓடாதீர்கள். முதலில் சூட்டைச் சந்தேகியுங்கள். அது பழுது அல்ல, பாதுகாப்பு. குக்கரின் சேஃப்டி வால்வு மாதிரி. ஆகவே விடாமல் பட்டனை அழுத்தி ஓட்டாதீர்கள்.

இந்த வசதி முன்பு எல்லாச் சிப்பிலும் சரியாக இருந்ததில்லை. 2001-ல் 'டாம்ஸ் ஹார்டுவேர்' இணையதளத்தார், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களில் ஹீட்சிங்கைக் கழற்றிப் பார்த்தார்கள். பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. ஏ.எம்.டி. அத்லான் சிறிது நேரத்திலேயே கருகிவிட்டது. இன்று இன்டெல்லின் பல டெஸ்க்டாப் சிப்புகளுக்கு வரம்பு 100 டிகிரி செல்சியஸ். அதைத் தொட்டால் முதலில் வேகம் குறையும். மேலும் ஏறினால் அணையும். மதியத்தில் மட்டும் கம்ப்யூட்டர் மந்தமானால் அதுவே முதல் எச்சரிக்கை.

பட்டாசுக்கு ஒத்துவரும் நம் ஊர் வறண்ட வெயில் இதற்கு ஒத்துவராது. அறை 10 டிகிரி கூடினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு கூடும். வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது ஏ.சி. அதற்குத்தான், கவுண்டரில் இருந்த எங்களுக்கு ஃபேன்தான்!

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 அழுத்தினால் பயாஸ் திரை வரும். அங்கே 'ஹார்டுவேர் மானிட்டர்' பகுதியில் சூடு தெரியும். சில போர்டுகளில் எத்தனை டிகிரியில் அணைய வேண்டும், எப்போது பீப் அடிக்க வேண்டும் என்றும் வைக்கலாம். அணையும் அளவை 60 என்று வைத்துவிடாதீர்கள், அடிக்கடி அணையும். பீப் கட்டாயம் வேண்டும். ஏனென்றால் சூட்டில் அணையும்போது சேவ் செய்யாத எதுவும் மிஞ்சாது. பாதி அடித்த வருமான வரிப் படிவமும் போகும், பிள்ளையின் புராஜெக்டும் போகும்.

கேபினெட்டை மேஜையின் மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். சுவரிலிருந்து அரை அடி தள்ளி வையுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு தூசியை ஊதுங்கள். அதன் பிறகும் அணைந்தால் ஹீட்சிங் பேஸ்ட் காய்ந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் அதை மட்டும் மாற்றச் சொல்லிப் பாருங்கள்.

என் வீட்டில் சிறிய புளோயர் ஒன்று இருக்கிறது. வேண்டியவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வந்து வாங்கிக்கொள்ளலாம்.