கும்பிட்டது சாமியையா, சட்டத்தையா?

எங்க வீட்டுல வெள்ளிக்கிழமை விளக்கு வச்சதுக்கு அப்புறம் காசு வெளிய போகக்கூடாது. அத்தை போட்ட சட்டம். பத்து வருஷத்துல அது என் சட்டமாவே ஆயிடுச்சு.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்க குழு அக்கா ஒருத்தங்க ஓடி வந்தாங்க. பிள்ளைக்கு வலிப்பு, ஆட்டோவுக்கு 300 ரூபாய் வேணும்னாங்க. “விளக்கு வச்சாச்சேக்கா”ன்னு சொல்லிட்டேன். வேற வீட்டுல வாங்கிட்டுப் போனாங்க. பிள்ளை பிழைச்சுட்டான். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

கண்ணப்பர் வாயில கொண்டுவந்த தண்ணியால அபிஷேகம் பண்ணினப்போ காளத்தி சாமி கோபிக்கல. அப்போ நான் இத்தனை வருஷம் கும்பிட்டது யாரை?

இப்பவும் வெள்ளிக்கிழமை விளக்கேத்துறேன். அவசரம்னு வர்றவங்களுக்குக் காசும் குடுக்குறேன். அத்தை முதல்ல முறைச்சாங்க. போன வாரம் அவங்களே சுருக்குப்பையை அவுத்தாங்க.