ஒத்திகையும் தொழிலும்

பள்ளி வாழ்விலே இரண்டு நாட்களை மாணவர்கள் எளிதில் மறப்பதில்லை. ஒன்று, ஆண்டு விழா நாடகம் அரங்கேறும் நாள். மற்றொன்று, மருத்துவரும் பொறியாளரும் வங்கி மேலாளரும் வந்து தத்தம் தொழிலைப் பற்றிப் பேசும் தொழில் வழிகாட்டி நாள். முன்னது பொழுதுபோக்கு, பின்னது எதிர்காலம் என்று பெரியவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழாசிரியனாக இருந்து இவ்விரு விழாக்களையும் பல ஆண்டுகள் நடத்தியவன் நான். அந்தப் பிரிவினை சரியன்று என்பதே என் எண்ணம்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பிலே படித்தபோது, பம்மல் சம்பந்த முதலியார் இயற்றிய 'மனோகரா' நாடகத்தில் மனோகரன் வேடம் எனக்குக் கிடைத்தது. அரசவையிலே சங்கிலியால் பிணிக்கப்பட்டு நிற்கும் காட்சி. சங்கிலி அட்டையால் செய்து வெள்ளி வண்ணம் பூசியது. சற்றே பலமாக மூச்சு விட்டாலும் அறுந்துவிடும். ஆயினும் அன்று எழுந்த கைதட்டலில் கொட்டகையே அதிர்ந்தது. நடிகனாவதென்று அன்றிரவே முடிவு செய்துவிட்டேன்! அந்த முடிவு ஆறு மாதம் நீடித்தது. பின்னொரு நாள் நண்பன் ஒருவன், "ஒத்திகைக்கு நீ எத்தனை நாள் நேரத்தோடு வந்தாய்?" என்று கேட்டான். எண்ணிப் பார்த்தேன். இருபது நாள் ஒத்திகையில் நான்கு நாள் கூட இல்லை. நான் விரும்பியது கைதட்டலை, நடிப்பை அன்று.

அந்த நாடகத்தை இயற்றியவரையே பாருங்கள். சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு பிறந்தவர். பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவின் நாடகங்களைக் கண்டு உள்ளம் கிளர்ந்து, 1891இல், தம் பதினெட்டாம் வயதிலே, நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையை நிறுவினார். அதற்காகப் படிப்பைக் கைவிட்டாரில்லை. சட்டம் பயின்று வழக்கறிஞரானார். 1924இல் சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகவும் அமர்ந்தார். எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களையும் எழுதினார். நீதிமன்றம் சோறிட்டது, மேடையும் அவரை விடவில்லை. ஒன்றைத் தொழிலாகவும் மற்றொன்றை வாழ்நாள் துணையாகவும் கொள்ளலாம் என்பதற்கு அவரைவிடச் சான்று வேண்டுவதில்லை.

மேடையே பள்ளியாக அமைந்த சிறுவரும் இருந்தனர். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தொடங்கிய சிறுவர் நாடக சபையில் டி.கே.எஸ். சகோதரர்கள் சேர்ந்தபோது, அவர்களுள் சண்முகத்துக்கு வயது ஆறு. எந்தத் தொழில் வேண்டும் என்று அந்த வயதில் அவரை யார் கேட்டிருப்பார்கள்? உங்களைக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டு 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியபின் அரசுப் பள்ளிகளிலே இந்தக் கேள்வி முறையாகவே கேட்கப்படுகிறது. நல்ல காரியந்தான். ஆனால் கேட்ட பின்னர், சொன்ன விடையைப் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டுமே! நான் பொறுத்துக்கொள்ளவில்லை. அதைத்தான் இனிச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன், எங்கள் பள்ளியில் ஒரு வரலாற்று நாடகம் போட்டோம். குரல் எடுபடவில்லை என்று பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவனை நடிப்பிலிருந்து விலக்கி, விளக்குப் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். இறுதிக் காட்சி போர்க்களத்து மாலைப்பொழுது. எட்டு விளக்குகளுக்கும் தனித்தனியே விசை வைத்து, முன்னே சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டி, ஒவ்வொன்றாய் அணைத்து அந்த மாலையை அவன் உண்டாக்கினான். வசனத்தின் எந்தச் சொல்லில் எந்த விளக்கு அணைய வேண்டும் என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தான். நடிகர்கள் வராத நாட்களில்கூட ஒத்திகைக்கு வந்தவன் அவன் ஒருவனே.

அதே மாதம் தொழில் வழிகாட்டி நாள் வந்தது. விரும்பும் தொழிலை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னோம். பெரும்பாலோர் மருத்துவர், பொறியாளர் என்று எழுத, அவன் மட்டும் 'எலக்ட்ரீஷியன்' என்று எழுதியிருந்தான். வகுப்பு சிரித்தது. அவனுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, நான் சிவப்பு மையால் அதை அடித்து, மேலே 'எலக்ட்ரிகல் என்ஜினீயர்' என்று எழுதி, "இன்னும் ஒரு படி மேலே நினை" என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள்.

தந்தை கடன் வாங்கி அவனைப் பொறியியல் கல்லூரியிலே சேர்த்தார். கணக்குப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அரியர் விழுந்தன. மூன்றாம் ஆண்டின் பாதியில் அவன் நின்றுவிட்டான், கடன் நிற்கவில்லை. தொழிற்பயிற்சி நிலையத்தில் சேரச் சான்றிதழ் வேண்டி ஒரு நாள் பள்ளிக்கு வந்தான். என்மேல் அவன் குறை சொல்லவில்லை. புறப்படும்போது, "ஐயா, அன்றைக்கு நான் எழுதியதிலே என்ன தவறு இருந்தது?" என்று மட்டும் கேட்டான். என்னால் விடை சொல்ல முடியவில்லை.

அதன் பின்னர் தொழில் வழிகாட்டி நாளை வேறு விதமாக நடத்தத் தொடங்கினேன். வருகிற விருந்தினரிடம் மாணவர்கள் சம்பளத்தையும் பதவி உயர்வையும் கேட்பது வழக்கம். அவை கைதட்டல் போன்றவை. "நேற்றுக் காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை என்ன செய்தீர்கள்?" என்று கேட்கச் சொன்னேன். அதுதான் அந்தத் தொழிலின் ஒத்திகை. ஒரு மருத்துவர் சொன்னார்: "நாற்பது பேரைப் பார்த்தேன். முப்பது பேருக்கு ஒரே காய்ச்சல். முப்பது பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்டேன்." மண்டபத்திலே சற்று ஏமாற்றந்தான். ஆனால் பின்வரிசையில் இருந்த இரண்டு மாணவிகள் எழுந்து, "அவை என்னென்ன கேள்விகள்?" என்று கேட்டார்கள். மருத்துவர் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுக்கு மட்டுமே அரைமணி நேரம் விடை சொன்னார்.

தையற்காரரும் செவிலியரும் அச்சகத்தாரும் இப்போது அந்த மேடைக்கு வருகிறார்கள். பயிற்சி முடித்துத் தொழில் தொடங்கிய அந்த மாணவனையும் ஓர் ஆண்டு அழைத்தேன். திருமண மண்டபம் ஒன்றிலே அன்று கம்பி இழுக்கும் வேலை இருப்பதாகவும், பாதியில் விட்டு வர இயலாதென்றும் சொல்லியனுப்பிவிட்டான்.