பூஜ்யத்தில் தொடங்கிய லவுண்ட்ஸ்

(இளைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் என்றால் நமக்கு வெள்ளை மாளிகைதான் நினைவுக்கு வரும். இன்று நான் உங்களை அழைத்துப் போவது அலபாமா மாநிலத்தில், செல்மா, மான்ட்கமரி நகரங்களுக்கு இடையே கிடக்கும் லவுண்ட்ஸ் என்ற கிராமப்புறக் கவுண்டிக்கு. கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி. ஆனால் மக்கள் தொகையில் மிகச் சிறியது. 1960-களில் அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். ஐந்தில் நான்கு பேர் கறுப்பின மக்கள். மாநிலத்தில் சிறுபான்மை, சொந்த ஊரில் பெரும்பான்மை. நம் கடலோரப் பட்டினங்கள் சிலவற்றை நினைத்துக் கொள்ளுங்கள். அவர்கள் நிலை உங்களுக்குப் புரியும்.

எண்பது சதவீதம், ஆனால் பூஜ்யம்!

நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் 1870-லேயே சொல்லிவிட்டது. ஆனால் 1901-இல் அலபாமா தனக்கென ஒரு புதிய அரசியல் சட்டம் எழுதிக் கொண்டது. அதில் 'கறுப்பன்' என்ற வார்த்தையைச் சொல்லித் தடுக்கவில்லை. எழுத்தறிவுச் சோதனை வைத்தார்கள். சொத்து கேட்டார்கள். ஆண்டுக்கு ஒன்றரை டாலர் வாக்கு வரி போட்டார்கள். கட்டாவிட்டால் அது பாக்கியாக ஏறிக்கொண்டே போகும். விளைவு? மாநிலத்தில் சுமார் 1,80,000 ஆக இருந்த கறுப்பின வாக்காளர்கள், சில ஆண்டுகளில் சுமார் 3,000 ஆகக் குறைந்தார்கள்.

1965-இன் தொடக்கத்தில் லவுண்ட்ஸில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பின மக்கள் 5,122 பேர். பட்டியலில் இருந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? ஒருவர் கூட இல்லை! வெள்ளையரில் வயது வந்தோர் 1,900 பேர். பட்டியலிலோ 2,240 பெயர்கள்! ஊரில் இல்லாதவனுக்கும் ஓட்டு உண்டு. ஊரில் உழுதவனுக்கு ஓட்டு இல்லை.

ரூஸ்வெல்ட் ஜெயித்தார், ஐசனோவர் ஜெயித்தார், கென்னடி ஜெயித்தார். ஒவ்வொரு முறையும் 'லவுண்ட்ஸ் வாக்களித்தது' என்று கணக்கில் எழுதினார்கள். எந்த லவுண்ட்ஸ்? ஐந்தில் ஒரு பங்கு லவுண்ட்ஸ்! 1948-இல் ட்ரூமன் பெயரையும், 1964-இல் ஜான்சன் பெயரையும் அலபாமாவின் வாக்குச்சீட்டிலேயே சேர்க்கவில்லை. கறுப்பின மக்களுக்கு ஏதேனும் செய்துவிடுவார்கள் என்ற அச்சம்தான்.

பெயர் கொடுத்தால் வீடு போகும்

1965 மார்ச்சில் ஜான் ஹூலட் என்பவர் சிலரைத் திரட்டிக் கொண்டு தலைநகரான ஹேன்வில்லில் பதிவு செய்யப் போனார். பதிவு அலுவலகம் மாதத்தில் இரண்டே நாட்கள்தான் திறக்கும். அந்த மாதம் ஹூலட்டும், பார்வையற்ற ஒரு போதகரும் மட்டும் பட்டியலில் இடம் பெற்றார்கள். பூஜ்யம் இரண்டானது.

அதே மாதம் 25-ஆம் தேதி, செல்மா பேரணிக்கு உதவ வந்த வயோலா லியூஸோ என்ற வெள்ளைக்காரப் பெண்மணி இந்தக் கவுண்டியின் நெடுஞ்சாலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டில் ஜொனாதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் ஹேன்வில் கடை வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவரை வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி விடுதலை செய்தது.

1965 ஆகஸ்ட் 6-இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. மத்திய அரசு அதிகாரிகள் நேரடியாக வந்து பெயர்களைப் பதிந்தார்கள். உடனே பண்ணையார்கள் குத்தகை உழவர்களை வீட்டை விட்டு விரட்டினார்கள். விரட்டப்பட்டவர்கள் நெடுஞ்சாலை ஓரம் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். கூடாரத்தில் குடியிருந்தார்கள், பெயரை மட்டும் திரும்பப் பெறவில்லை!

சேவலும் சிறுத்தையும்

அலபாமா ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல். 'வெள்ளையர் மேலாதிக்கம்' என்று அதன் மேல் எழுதியிருந்ததை 1966-இல்தான் எடுத்தார்கள். வேட்பாளர் கட்டணத்தை 50 டாலரிலிருந்து 500 டாலராக உயர்த்தினார்கள். அந்தக் கதவைத் தட்டிக் கொண்டு நிற்காமல், ஹூலட்டும் ஸ்டோக்லி கார்மைக்கேல் முதலான இளைஞர்களும் தனி அமைப்பே கண்டார்கள். அதற்குச் சின்னம் கறுஞ்சிறுத்தை. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக, ஷெரீஃபின் வேலை என்ன, வரி மதிப்பீட்டாளரின் வேலை என்ன என்று படக்கதைப் புத்தகம் போட்டு வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

1966 நவம்பரில் ஏழு பேர் நின்றார்கள். ஏழு பேரும் தோற்றார்கள். கலைந்து போனார்களா? இல்லை. 1970-இல் அதே ஜான் ஹூலட், கவுண்டியின் காவல் தலைமையான ஷெரீஃப் பதவியை வாக்குச்சீட்டால் வென்றார். 22 ஆண்டுகள் அதில் இருந்தார்.

வென்றதும் வெல்லாததும்

1976 முதல் 2024 வரை ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் லவுண்ட்ஸ் ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்தது. 2008-இலும் 2012-இலும் ஒபாமாவுக்கு நான்கில் மூன்று பங்கு வாக்குகள். ஆனால் அலபாமாவில் முதலில் வருபவருக்கே மாநிலத்தின் அத்தனை தேர்வாளர் வாக்குகளும். 1976-இல் கார்ட்டருக்குப் பிறகு எந்த ஜனநாயகக் கட்சி வேட்பாளரும் அங்கு வெல்லவில்லை. ஆக 1980 முதல் லவுண்ட்ஸின் பெரும்பான்மை ஒரே ஒரு தேர்வாளரைக் கூடப் பெற்றுத் தரவில்லை.

அப்படியானால் அந்த ஓட்டுகள் வீணா? இல்லை சகோதரர்களே! ஜனாதிபதியை அவர்களால் மாற்ற முடியாமல் போகலாம். ஷெரீஃபை மாற்ற முடிந்தது. அடித்த காவல்துறை, காக்கும் காவல்துறையாக ஆனது.

ஆனால் வெற்றியோடு கதை முடியவில்லை. களிமண் பூமியான அங்கு ஏழை வீடுகள் பலவற்றில் கழிவுநீர் வெளியேற வழியில்லை, முற்றத்திலேயே தேங்குகிறது. இதைச் சீராக்க 2023-இல் மத்திய நீதித்துறை ஓர் ஒப்பந்தம் செய்தது. 2025 ஏப்ரலில் புதிய அரசு அதை ரத்து செய்தது. வாக்களித்தவன் தொடர்ந்து விழித்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நமக்கு என்ன பாடம்?

ஓட்டு ஓர் அமானிதம். அதைக் காக்கும் வேலை, தேர்தல் நாளில் அல்ல, வாக்காளர் பட்டியல் வெளியாகும் நாளில் தொடங்குகிறது. இளைஞர்களே, 18 வயது நிறைந்தவுடன் படிவம் 6 கொடுங்கள். உங்கள் தாய்மார், சகோதரிகளின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். வணிகப் பெருமக்களே, கடை ஓரூரில், வீடு ஓரூரில் என்று இருக்கும் உங்கள் பெயர்தான் முதலில் விடுபடும். ஒரு நாள் கடையைப் பூட்டினாலும் சரி, போய்ப் பாருங்கள். மஹல்லாதோறும் நான்கு இளைஞர்கள் பட்டியலோடு வீடு வீடாக ஏறுங்கள். டெல்லியில் யார் வருவார் என்று டீக்கடையில் பேசுவதற்கு முன், நம் வார்டில் யார் நிற்கிறார், அவர் வேலை என்ன என்று மக்களுக்குச் சொல்லுங்கள்.

அவர்கள் பூஜ்யத்தில் தொடங்கினார்கள். நாம் பூஜ்யத்தில் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்! கையில் இருப்பதைத் தொலைத்துவிட்டுத் தேடும் நிலை நமக்கு வர வேண்டாம். வல்ல அல்லாஹ் நம் முயற்சிகளைக் கபூல் செய்வானாக! ஆமீன்.