எலியின் மூச்சும் நம் மூச்சும்

தோட்டத்துக் களைக்கொல்லி மருந்துப் புட்டியில் ஒரு வண்ணப் பட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கறுப்பும் சிவப்பும் கொடிய நஞ்சு என்பதன் அடையாளம். மஞ்சள், நீலம், வெள்ளை என்று வரவர நஞ்சின் கடுமை குறைகிறது என்று பொருள். இந்தத் தரத்தை யார் சொன்னது? பெரும்பாலும் ஆய்வுக்கூடத்து எலிதான் சொன்னது. அந்த எலி நமக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை இன்று பார்ப்போம்.

மூச்சோடு உள்ளே போகும் நஞ்சை எப்படிச் சோதிக்கிறார்கள்? எலிகளை ஒடுக்கமான குழாய்களுக்குள் விட்டு, மூக்கு மட்டும் ஒரு பெட்டிக்குள் நீண்டிருக்கும்படி வைப்பார்கள். பெட்டிக்குள் மருந்தை மெல்லிய பனிபோல் செலுத்துவார்கள். நான்கு மணி நேரம் எலிகள் அதைச் சுவாசிக்கும். பிறகு 14 நாள் கவனிப்பார்கள். எந்த அளவில் பாதி எலிகள் மடிகின்றனவோ, அந்த அளவைக் குறித்துக்கொள்வார்கள்.

சாவை எண்ணாமல் மூச்சையே எண்ணும் முறையும் உண்டு. ஈவ் அலாரி என்ற ஆய்வாளர் 1966-இல் இதனை வெளியிட்டார். சுண்டெலியின் உடல் மூடிய குழாய்க்குள் இருக்கும். தலை மட்டும் வெளியே இருக்கும். அது மூச்சு இழுக்கும்போது மார்பு விரிந்து, குழாயினுள் காற்றழுத்தம் மாறும். அந்த மாற்றத்தைக் கருவி கோடாக வரையும். எரிச்சலூட்டும் வாயு மூக்கில் பட்டால் சுண்டெலி தயங்கித் தயங்கி மூச்சு விடும். மூச்சின் எண்ணிக்கை எந்த அளவில் பாதியாகிறதோ, அதைக் கணக்கிடுவார்கள். அதில் நூற்றில் மூன்று பங்கு, தொழிலிடங்களில் அனுமதிக்கப்படும் அளவோடு பல வாயுக்களில் ஏறக்குறைய ஒத்துப்போனது. ஆகவே இச்சோதனைகளால் பயன் உண்டு.

ஆனால் எலி மூக்கால் மட்டுமே சுவாசிக்கும். முதுகில் பம்பைச் சுமந்து மேட்டில் ஏறுகிற பெண் வாயாலும் மூச்சு வாங்குகிறாள். எலிக்கு நான்கு மணி நேரம். அவளுக்கோ பல ஆண்டுகள்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எடுத்துக்கொள்வோம். நுண்பனியாகச் சுவாசித்த எலியை அது மிகச் சிறிய அளவிலேயே கொன்றது. தோட்டத்தில் தெளிக்கும் துளிகள் பெரியவை; நுரையீரலின் ஆழத்துக்குப் பெரும்பாலும் போகா. ஆனால் அவை மூக்கிலும் தொண்டையிலும் படிந்து புண்ணாக்கும். மூக்கில் இரத்தம் வரும். புண்பட்ட தோல் வழியாகவோ வாய் வழியாகவோ உடலுக்குள் சென்றாலும், நுரையீரல் அந்நஞ்சைத் தன்னிடம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பின்னர் நுரையீரல் தழும்பேறி இறுகிவிடும். இதற்கு மாற்று மருந்து கிடையாது. அப்படியிருந்தும், வாய்வழியும் தோல்வழியும் எலிக்கு ஏற்படும் உடனடிக் கேட்டை வைத்தே பெரிதும் தரம் பிரிக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில், பாராகுவாட் ‘மிதமான ஆபத்து’ என்ற வரிசையிலேயே நின்றது.

இத்தகைய குறையைக் கேள்வி கேட்ட முயற்சிகளில் ஒன்று நம் பினாங்கில் பிறந்தது. 1982-இல் பல நாட்டவர் இங்கே கூடி, ‘பான்’ எனப்படும் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். 2002-இல் அதன் ஆசிய பசிபிக் பிரிவும் தெனாகனிதா அமைப்பும் மருந்தடிக்கும் பெண்களின் உடல்நலம் பற்றி அறிக்கை வெளியிட்டன. அவ்வாண்டே மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தது. 2006-இல் அத்தடை தளர்ந்தது. 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை நடப்புக்கு வந்தது.

வேறு மருந்துகள் இன்றும் தோட்டங்களில் உண்டு. ஆகையால் தாய்மார்களே, பட்டை நீலமோ வெள்ளையோ, காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதீர்கள். குளித்து உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள். காலிப் புட்டியில் தண்ணீர் பிடிக்காதீர்கள். இருமலோ மூச்சிரைப்போ மூக்கில் இரத்தமோ கண்டால், நாளையும் மருந்தின் பெயரையும் ஒரு நோட்டில் குறித்து, மருத்துவரிடம் காட்டுங்கள். படித்த பிள்ளைகள் இதில் அம்மாவுக்கு உதவலாம்.

எலியின் மூச்சைக் குறித்து வைக்கக் கருவி இருக்கிறது. நம் மூச்சை நாம்தான் குறித்து வைக்க வேண்டும்.